மனநல வார்டில் ஒரு தெர்மாமீட்டர்

மனநல வார்டில் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அடிக்க மாட்டாங்களா?” கல்யாண வீட்டில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். அடி வாங்கியதும் உண்டு, கடி வாங்கியதும் உண்டு. அதற்கெல்லாம் பயந்ததில்லை. கத்திக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று அடங்கிப் போய், வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்கும்.

தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். பாதி சர்வீஸ் மனநலப் பிரிவில் கழிந்தது. அந்தக் காலத்தில் மனநல வார்டுக்குப் போடுவது தண்டனை மாதிரி. மெடிக்கல் வார்டிலும் சர்ஜிக்கல் வார்டிலும் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து, “உங்களுக்கென்ன, டிரிப் இல்ல, டிரெஸ்ஸிங் இல்ல, மாத்திரை குடுத்தா முடிஞ்சது” என்பார்கள்.

அந்த எண்ணம் சூடு, நாடி, மூச்சு எழுதுகிற எங்கள் வார்டின் டி.பி.ஆர். சார்ட்டிலேயே தெரியும். காலை 98.4, மாலை 98.4, மறுநாள் காலை 98.4. எத்தனை பெட் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே சூடு. தெர்மாமீட்டர் பாட்டிலை விட்டு வெளியே வந்தே இருக்காது. நோயாளி நடக்கிறார், சாப்பிடுகிறார், பீடி கேட்கிறார். இவருக்கு எதற்குச் சூடு பார்க்க வேண்டும் என்ற நினைப்பு. நான் சேர்ந்தபோது அங்கே ஹெட் நர்ஸாக இருந்த மூத்த சிஸ்டர் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். ரவுண்ட்ஸில் சார்ட்டைப் புரட்டுவார், ஏதாவது ஒரு பெட்டைக் காட்டி, “இப்பப் பாரு, என் முன்னாடி பாரு” என்பார். “அவங்க பேசுறதக் கேக்க டாக்டர் இருக்காரு. ஒடம்பு பேசுறத நாமதான் கேக்கணும்” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அப்போது எனக்கு அது வீண் கெடுபிடியாகத்தான் பட்டது.

மனநோய் மருந்துகளின் பக்கவிளைவுகள் எங்களுக்கு அன்றாடம் பார்க்கிற சங்கதி. செரினேஸ் ஊசி, அதாவது ஹாலோபெரிடால், போட்ட பையனுக்கு மறுநாள் கழுத்து ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். கண் மேலே செருகும், நாக்கு தடித்துப் பேச வராது. கூட இருப்பவர்கள் வலிப்பு என்பார்கள், சாமி வந்துவிட்டது என்பார்கள். ஒரு ஃபெனர்கன் ஊசி போட்டால் அரைமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான். இன்னொருவருக்குக் கால் தரிக்காது. உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார், ராத்திரி முழுக்க வராந்தாவை அளப்பார். வேறொருவருக்குக் கை நடுங்கும், வாயில் எச்சில் ஒழுகும், முகத்தில் சிரிப்பே ஓடாது. டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ, பேசிடேன் மாத்திரை சேர்த்தோ இவற்றைச் சமாளித்துவிடலாம். உயிருக்கு ஆபத்தில்லை.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று இருக்கிறது. நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம் என்பது அதன் முழுப்பெயர், வார்டில் என்.எம்.எஸ். என்போம். நாங்கள் படித்த புத்தகத்தில் அதற்குச் சில வரிகள்தான். கடுங்காய்ச்சல், உடம்பெல்லாம் விறைப்பு, நினைவு தடுமாறுவது, நாடியும் ரத்த அழுத்தமும் நிலைகொள்ளாமல் ஏறி இறங்குவது — இந்த நான்கும் சேர்ந்தால் என்.எம்.எஸ். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகிற பாடம். இன்றைய கணக்கில், இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களில் 10,000 பேருக்கு ஓரிருவருக்கு வரலாம் என்கிறார்கள். அதனால் ஒரு நர்ஸ் சர்வீஸ் முழுக்க ஒரு கேஸ்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிட முடியும். நான் பார்த்தேன். அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றி, ஒரு கேஸை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த சமயம். லோடு வேன் ஓட்டுகிற பையன், இருபதைத் தாண்டி ஓரிரண்டு வயது இருக்கும். அப்பாவும் தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வேனில் தூக்கி வந்தார்கள். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. தூங்கி நாலைந்து நாள் ஆகிறது, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டைத் தொடுவதில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, அடிக்க வருகிறான் என்று கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டிருந்திருக்கிறார்கள். உதடு வெடித்து, கண் குழி விழுந்திருந்தது. கேஷுவாலிட்டியில் நாலு பேர் பிடிக்க ஹாலோபெரிடாலும் ஃபெனர்கனும் சேர்த்து ஊசி போட்டு மேலே அனுப்பினார்கள்.

அந்த ஊசியில் தப்பு சொல்ல முடியாது. இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் அதுதான் வழக்கம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே, ஆவேசமாக வந்த 200 நோயாளிகளை வைத்து இந்த இரட்டை ஊசியையும் லோராசெபாம் ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. இரண்டுமே அடக்கின, இரட்டை ஊசி போட்டவர்கள் இன்னும் சீக்கிரம் அடங்கினார்கள்.

பையன் முதல் ராத்திரி தூங்கினான். மறுநாள் மறுபடி எகிறினான், மறுபடி ஊசி. மூன்றாம் நாள் காலையில் நான் டூட்டிக்கு வந்தபோது சத்தமே இல்லை. ராத்திரி டூட்டி பார்த்த பெண், “ரெண்டு மணிக்கு அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல சிஸ்டர், நல்லா அடங்கிட்டான்” என்று ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். “ஊசி நல்லா வேல செய்யுதும்மா. எம்புள்ள கத்தலயே இப்ப” என்றாள்.

பி.பி. பார்க்கக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. பிடிவாதக்காரர்கள் கையை இறுக்கி வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கணம் தளரும், அந்த நேரத்தில் கஃபைச் சுற்றிவிடலாம். இது அப்படித் தளரவில்லை. முழங்கையை மடக்கினேன், நீட்டினேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவு எதிர்ப்பு. டாக்டர்கள் ஈயக்குழாய் விறைப்பு என்று சொல்வது இதைத்தான். சட்டை முழுக்க வேர்வையில் ஊறி, பெட்ஷீட்டில் அவன் உடம்பின் அளவுக்கு ஈரம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் என் பக்கம் திரும்பியது. பார்வை என்மேல் நிற்கவில்லை. வாயோரம் எச்சில். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன்: 103. நாடி 140. பி.பி. 170/110. கால்மணி கழித்துத் திரும்பப் பார்த்தால் 120/70. மீண்டும் பார்த்தால் மேலே. காய்ச்சல் என்றால் நாடி ஏறும், சரி. பி.பி. இப்படி ஊஞ்சலாடாது.

பி.ஜி. டாக்டரைக் கூப்பிட்டேன். சின்னப் பையன், அந்த வருஷம்தான் மனநலத்தில் சேர்ந்திருந்தார். வந்து கையை மடக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சிஸ்டர், அடுத்த டோஸ் கொடுக்காதீங்க. எதுவும் கொடுக்காதீங்க” என்றார். அன்றைக்கு அந்தப் பையனுக்குக் கிடைத்த முதல் வைத்தியம் அதுதான். இந்த நோயில் கொடுக்கிற மருந்தைவிட நிறுத்துகிற மருந்துதான் முக்கியம்.

ரத்தம் எடுத்து அனுப்பினோம். எங்களுக்கு வேண்டியது சி.பி.கே. தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கிற நொதி அது. சாதாரணமாக 200-க்குள் இருக்கும். இடுப்பில் ஊசி போட்டாலே கொஞ்சம் ஏறும், கட்டிவைத்துத் திமிறினாலும் ஏறும். அதனால் சில நூறுகள் கூடியிருந்தால் பதற மாட்டோம். மத்தியானம் ரிசல்ட் வந்தது: 15,000-க்கு மேல். யூரோபேக்கில் இறங்கிய சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. சிதைந்த தசையின் சத்து சிறுநீரகத்தில் போய் அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மெடிக்கல் டாக்டர்கள் வந்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், வெயில் தாக்கியிருக்கலாம், மலேரியா, டெங்கு பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்.எம்.எஸ்.ஸை உறுதிப்படுத்த என்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்து வரும் முடிவு அது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், சி.டி. எடுத்தார்கள், எல்லாம் சுத்தம். வெயில் தாக்கினால் உடம்பு பெரும்பாலும் தொய்ந்து கிடக்கும், இப்படி விறைக்காது. கேட்டட்டோனியா என்றொரு நிலை இருக்கிறது. அதில் கையைத் தூக்கி விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். சில சமயம் அதுவும் இதுவும் கலந்து வந்து பெரிய டாக்டர்களையே குழப்பும். சாயங்காலம் எங்கள் சீஃப் வந்து கேஸ் ஷீட்டில் என்.எம்.எஸ். என்று எழுதினார். பையனை ஐ.எம்.சி.யு.வுக்கு, அதாவது மெடிக்கல் ஐ.சி.யு.வுக்கு மாற்றினோம்.

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் நர்ஸ்களின் வேலை. சலைன் ஓடியபடி இருக்க வேண்டும், சிறுநீர் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுத வேண்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்ற அதுதான் வழி. இந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பெரிதாக ஒத்துழைக்காது. ஈரத்துணியால் துடைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்துத்தான் சூட்டை இறக்கினோம். விறைத்த உடம்புக்கு விழுங்க வராது. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் ரைல்ஸ் ட்யூப். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும். மரம் மாதிரி விறைத்த உடம்பைப் புரட்ட மூன்று பேர் வேண்டும். இமை மூடாத கண்ணுக்கு மருந்து, வெடித்த உதட்டுக்கு கிளிசரின், கால் ரத்தம் உறையாதிருக்கக் கவனிப்பு.

மருந்து என்று பார்த்தால் லோராசெபாம், அப்புறம் புரோமோக்ரிப்டின். தசை விறைப்பை நேரடியாகத் தளர்த்துகிற டான்ட்ரோலின் என்ற மருந்தைப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். எங்கள் ஸ்டோரில் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. புரோமோக்ரிப்டின் அன்றைக்கு எங்களிடம் இல்லை. பிரசவ வார்டுக்காக வாங்கி வைத்திருந்தார்கள். குழந்தை தவறிப்போன தாய்க்குப் பால் வற்றக் கொடுத்துவந்த மாத்திரை அது. இன்டெண்ட்டைப் பார்த்த மருந்தாளுநர், “மேல் பேஷன்ட்னு போட்டிருக்கு, பால் மாத்திரை கேக்குறீங்களே சிஸ்டர்” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் போனில் பேசிய பிறகு எண்ணிக் கொடுத்தார். 2.5 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ட்யூப் வழியாக ஏற்றினோம்.

பால் வற்றும் மாத்திரைக்கும் விறைத்த பையனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், டோபமைன்தான் சம்பந்தம். மூளையில் ஓடுகிற ரசாயனம் அது. குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்றவற்றில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அதை மறிப்பதால்தான் ஹாலோபெரிடால் வேலை செய்கிறது. அதே டோபமைன் உடம்பின் அசைவைச் சீராக வைக்கிறது, உடம்புச் சூட்டை நிர்ணயிக்கும் இடத்திலும் வேலை பார்க்கிறது, பால் சுரப்பை அடக்கியும் வைக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து போட்டால் குரல் மட்டும் அடங்கும், கொஞ்சம் கை நடுங்கும். அபூர்வமாக ஒருவருக்கு எல்லா இடமும் ஒரே நேரத்தில் மறிபட்டுப் போகிறது. புரோமோக்ரிப்டின் டோபமைன் செய்யும் வேலையைத் தான் செய்து அந்த மறியலை ஈடுகட்டுகிறது. யாருக்கு இப்படி ஆகும் என்று ஊசி போடும் முன் சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் நீர் வற்றியவர்கள், ஆவேசத்தில் ஓய்ந்தவர்கள், கட்டிப்போடப்பட்டவர்கள், குறுகிய நேரத்தில் அதிக டோஸ் ஊசி வாங்கியவர்கள், ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தவர்கள், முன்பு ஒருமுறை இது வந்தவர்கள் — இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எங்கள் பையன் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பொருந்தினான்.

இரண்டாம் நாள் ஐ.எம்.சி.யு. வாசலில் அவன் அம்மா எங்கள் அசிஸ்டென்ட் டாக்டரம்மாவை மறித்துக் கேட்டாள்: “நீங்க போட்ட ஊசியாலதான எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு?”

நான் பக்கத்தில் நின்றேன். இந்த மாதிரி நேரத்தில் ‘காய்ச்சல்’, ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று ஏதாவது சொல்லி நழுவுவது ஆஸ்பத்திரியில் சுலபம். டாக்டரம்மா நழுவவில்லை. “ஆமாம்மா, அந்த ஊசிதான் காரணம். பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும். அந்த மருந்த நிறுத்தியாச்சு. இனிமே அவனுக்கு அத யாரும் போட மாட்டாங்க” என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அப்ப ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கக் கூடாது. கோயில்லயே கெட்டிப் போட்டிருக்கணும்” என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பதில் சொல்வது லேசல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. இதையெல்லாம் பிள்ளை ஐ.சி.யு.வில் கிடக்கும்போது ஒரு தாயிடம் பாடமாக எடுக்க முடியாது. கயிற்றில் கட்டித் தண்ணீர் இல்லாமல் வைத்ததும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்று சொல்லவும் அன்று எனக்கு மனம் வரவில்லை. அவள் கையில் ஈரத்துணியைக் கொடுத்து, “வாங்கம்மா, வந்து தொடச்சு விடுங்க” என்று உள்ளே கூட்டிப் போனேன். சூடு இறங்குவதைத் தன் கையாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றிருந்தது.

இந்த மருந்துகளின் கதை பாரிஸில் செயின்ட் ஆன் மருத்துவமனையில் தொடங்குகிறது. 1952-ல் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் அங்கே குளோர்ப்ரோமசின் கொடுத்து, மனநோயாளிகள் தெளிவதைக் கண்டார்கள். 1958-ல் பெல்ஜியத்தில் பால் ஜான்சென்னின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் உருவானது. 1960-ல், ஹாலோபெரிடால் கொடுத்த நோயாளிகளிடம் இந்த ஆபத்தான விளைவைக் கண்டு எழுதியவர்களும் அதே டிலேயும் அவருடைய குழுவினரும்தான். மருந்தைக் கொண்டாடியவரே அதன் ஆபத்தையும் பதிவு செய்தார் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை. அந்தக் காலத்தில் இது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். இன்று சீக்கிரம் கண்டுபிடித்து ஐ.சி.யு.வில் பார்க்க முடிகிற இடங்களில் பத்தில் ஒருவர், அதற்கும் குறைவு.

எங்கள் பையன் பிழைத்தான். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முதலில் சிறுநீர் தெளிந்தது, பிறகு காய்ச்சல் விட்டது, கடைசியில் கை மடங்கியது. வாய் திறந்து முதலில் கேட்டது தண்ணீர்.

பிழைத்ததோடு விஷயம் முடிவதில்லை. உடம்பு தேறத் தேற, அடக்கி வைத்திருந்த நோய் தலைதூக்கும். சோற்றில் விஷம் என்ற பேச்சு மறுபடி வரும். மருந்து கொடுத்தால் இது திரும்ப வருமோ என்று எல்லோருக்கும் பயம். கொடுக்காவிட்டால் பழைய கொட்டகைத் தூண்தான். என்.எம்.எஸ். முழுவதும் விட்டபின் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுவரை லோராசெபாம் கொடுத்து, பேசிப் பேசித்தான் அவனைப் பார்த்துக்கொண்டோம். மயக்கம் கொடுத்துச் செய்கிற மின் சிகிச்சை இந்த இடத்தில் நல்ல வழி. நோய்க்கும் கேட்கும், என்.எம்.எஸ்.ஸுக்கும் கேட்கும். வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு குவெட்டியாபின் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறை கூட்டும்போதும் சூடும் கைவிறைப்பும் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். அவன் ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் போட்டோம்: ‘ஹாலோபெரிடால் ஊசி போடக் கூடாது. மாத ஊசி போடக் கூடாது.’ எங்கே போனாலும் நோட்டைக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். அதற்கப்புறம் மாதாமாதம் மாத்திரை வாங்க வந்தபோதெல்லாம், கேட்பதற்கு முன்பே நோட்டைப் பிரித்துக் காட்டிவிடுவாள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாத்திரை சாப்பிட மறுக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போடுகிற எண்ணெய் ஊசி உண்டு. பல குடும்பங்களுக்கு அது வரம். ஆனால் அதனால் என்.எம்.எஸ். வந்தால், போட்ட மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது. வாரக்கணக்கில் தசைக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். அப்படி ஊசி போட்டிருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் காய்ச்சலுக்கு ஊசியும் டிரிப்பும் போட்டிருக்கிறார்கள். மனநோய்க்கு ஊசி போடுகிறோம் என்று வீட்டார் அங்கே சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு, சொல்லக் கூச்சம். கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. எங்களிடம் வந்தபோது சிறுநீர் நின்றே போயிருந்தது. டயாலிசிஸ் தொடங்கினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இது மனநோயாளிகளுக்கு மட்டும் வருவதல்ல. வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோப்ரமைடும், தலைசுற்றலுக்குக் கொடுக்கிற ஸ்டெமெட்டிலும் அதே டோபமைனை மறிக்கிறவைதான். மிக அபூர்வமாக அவற்றாலும் வரும். பார்க்கின்சன் நோய்க்கு லீவோடோபா சாப்பிடுகிற பெரியவர் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டால், மருந்து போடாமலேயே இதே விறைப்பும் காய்ச்சலும் வரக்கூடும். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாக இருக்கச் சொன்னார்கள் என்று அந்த மாத்திரையையும் விட்டுவிட்டுப் படுத்த தாத்தா ஒருவரை சர்ஜிக்கல் வார்டில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் வார்டில் சில பழக்கங்களை நிலைநிறுத்தினோம். கட்டி வந்தவரை முதலில் அவிழ்த்து, குடிக்க முடிந்தால் தண்ணீர் கொடுப்பது, முடியாவிட்டால் டிரிப் ஏற்றுவது. ஊசிக்கு முன் சூடு, நாடி, பி.பி. மூன்றையும் எழுதுவது. ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு பார்ப்பது, கையை மடக்கிப் பார்ப்பது. பெரும்பாலும் முதல் வாரத்தில், அநேகமாக எல்லாமே முதல் மாதத்துக்குள் வந்துவிடுகிற நோய் இது. டோஸ் கூட்டினால் மறுபடி அதே கவனம். நைட் டூட்டியிலிருந்து ஒப்படைக்கும்போது “அடங்கிட்டார்” என்று மட்டும் சொல்லக் கூடாது. கூப்பிட்டால் திரும்புகிறாரா, தண்ணீர் விழுங்குகிறாரா, வேர்க்கிறதா என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை. தெர்மாமீட்டரைப் பாட்டிலிலிருந்து வெளியே எடுத்தோம்.

சர்வீஸ் முழுக்க நான் கண்டது, மனநோயாளி சொல்வதை யாரும் நம்புவதில்லை என்பது மட்டுமல்ல. அவர் உடம்பு காட்டுவதையும் நம்புவதில்லை. பேசாவிட்டால் பிடிவாதம், விறைத்தால் நடிப்பு, உளறினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் சொல்லி, உளறலை அடக்க இன்னொரு ஊசியும் போட்டுவிடுகிறார்கள். என்.எம்.எஸ். வந்தவருக்கு அந்த இன்னொரு ஊசிதான் எமன்.

வீட்டில் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், படித்துவிட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது வராமலே வாழ்கிறவர்கள்தான் கிட்டத்தட்ட எல்லோரும். மருந்தை விட்டதால் கெட்டுப்போனவர்களை நான் பார்த்ததற்குக் கணக்கில்லை. வெயில் காலத்தில் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் கூட்டிய வாரங்களிலும் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் அடித்து, கை கால் விறைத்து, வேர்த்து, பேச்சு குழறினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரை அட்டையையும் ஊசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, ஐ.சி.யு. இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் கூச்சப்படாமல் முதலில் சொல்ல வேண்டியது, “இவர் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்” என்பதை. அந்த ஒரு வரியை எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ, அத்தனைக்கு உயிர் பிழைக்க வாய்ப்பு.